ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் லாபப் பங்கு: உண்மையில் கணக்கு எப்படி?

நைட்ரேட்சுருள்:
'வின்செஸ்டர் '73' (1950) படத்துக்கு ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் முன்பணச் சம்பளத்தை விட்டுவிட்டு லாபத்தில் பாதி வாங்கினார் என்கிறார்கள். அப்படி வாங்கிய முதல் நடிகர் அவர்தானா? எம்ஜிஎம் ஸ்டுடியோவின் ஆளாக இருந்தவர், இந்தப் படத்தை எடுத்த யுனிவர்சல் ஸ்டுடியோவுக்கு எப்படிப் போனார்? பங்கு என்பது டிக்கெட் வசூலிலா?

கேமராகண்:
முதல் ஆள் இல்லை. மௌனப்பட நட்சத்திரம் மேரி பிக்ஃபோர்டு 1916-லேயே தயாரிப்பாளர் அடால்ஃப் ஸுகரிடம் லாபத்தில் பாதி பேசி வாங்கிவிட்டார். பிறகு நடிகர்களை ஒரே ஸ்டுடியோவோடு கட்டிப்போடும் ஏழு வருட ஒப்பந்தமும் வாரச் சம்பளமும் கோலோச்சியதில் அந்த வழக்கம் அருகிப்போனது.

ஸ்டூவர்ட் எம்ஜிஎம்மில் சேர்ந்தது 1935-ல். 1941 மார்ச்சில் ராணுவம், பி-24 குண்டுவீச்சு விமானங்களில் 20 தாக்குதல்கள், 1945-ல் கர்னலாகத் திரும்பினார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அப்போது காற்றும் நடிகர்கள் பக்கம்தான்: 1944 டிசம்பரில் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் வழக்கில், ஏழு வருடம் என்றால் காலண்டர் வருடம், வேலை செய்யாத நாட்களைச் சேர்த்து நீட்டக் கூடாது என்று கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மூன்றாம்ரீல்:
டிக்கெட் வசூலில் இல்லை, நிகர லாபத்தில். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: தியேட்டர்காரர்கள் தங்கள் பங்கை எடுத்த பிறகு ஸ்டுடியோவுக்கு 100 ரூபாய் வருகிறது என்று வையுங்கள். விநியோகக் கட்டணம் 30, பிரின்ட், விளம்பரம் 15, தயாரிப்புச் செலவும் வட்டியும் 35 போனால் மிச்சம் 20. நடிகருக்கு 10. தயாரிப்புச் செலவு 55 ஆகிவிட்டால் பூஜ்யம்! கறுப்பு வெள்ளையில் சிக்கனமாக எடுத்த படம் என்பதால்தான் இது பலித்தது. சுமார் 6 லட்சம் டாலர் அவர் கைக்கு வந்ததாகச் சொல்வார்கள். பேசி முடித்தது எம்சிஏ என்ற நடிகர் முகவர் நிறுவனத்தின் லூ வாஸர்மேன். ஸ்டூவர்ட் கேட்ட 2 லட்சம் டாலரைக் கொடுக்க யுனிவர்சலிடம் தெம்பில்லை.

வருமான வரியையும் பாருங்கள். 1951-ல் உச்ச விகிதம் 91 சதவீதம். ஒரே வருடத்தில் மொத்தமாக வாங்கினால் பெரும்பகுதி வரிக்கே போகும். பங்கு பல வருடங்களாகப் பிரிந்து வந்தால் சுமை குறையும்.

கேமராகண்:
ஒன்றைச் சேர்க்கிறேன். பெரிய ஸ்டுடியோக்கள் தங்கள் தியேட்டர்களை விற்க வழிவகுத்த 1948 பாரமவுண்ட் தீர்ப்பில் தியேட்டர்களை இழந்ததால்தான் யுனிவர்சல் இறங்கி வந்தது என்று எழுதுகிறார்கள். தவறு. யுனிவர்சலிடம் விற்கத் தியேட்டர் சங்கிலியே இல்லை. 1940-களின் கடைசியில் படங்களில் விழுந்த நஷ்டம்தான் காரணம்.