டயாலிசிஸ் யாருக்குக் கிடைக்கும்: விலை தீர்மானிப்பதா, அரசு தீர்மானிப்பதா?

தெற்குவாசல்:
மருத்துவம் அரசின் கையில் இருந்தால் பங்கீடும் காத்திருப்போர் பட்டியலும் வந்துவிடும் என்றும், சந்தையிடம் விட்டால் கேட்டவருக்குக் கேட்டது கிடைக்கும் என்றும் அலுவலக நண்பர் ஒருவர் அடித்துப் பேசுகிறார். அதற்குச் சான்றாக பிரிட்டனைக் காட்டுகிறார். அங்கே 18 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்கு 2016க்குப் பிறகு எட்டப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் சந்தையில் பங்கீடே கிடையாது என்பதை ஏற்க மனம் வரவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மருதம்:
சிறுநீரகச் சிகிச்சையின் வரலாற்றைவிடத் தெளிவான விடை இதற்கு வேறில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் ஒரு ரத்தக்குழாய் பாழாகும் என்பதால், நெடுநாள் சிகிச்சை இயலாததாக இருந்தது. 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர், கையின் தமனியையும் சிரையையும் டெஃப்லான் குழாயால் இணைத்து, ஒரே நோயாளிக்குத் திரும்பத் திரும்பச் செய்ய வழி கண்டார். 1962இல் அங்கே தொடங்கிய மையத்தில் இடம் மிகச் சிலருக்கே இருந்ததால், மருத்துவர்கள் வடிகட்டிக் கொடுத்த பட்டியலிலிருந்து யாரைச் சேர்ப்பது என்பதை ஊர்க்காரர்கள் ஏழு பேர், தங்கள் பெயர் வெளியே தெரியாமல், கூடி முடிவு செய்தார்கள். வேலை, வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை, தேவாலயத்துக்குப் போகிறவரா என்பது வரை பார்த்தார்கள். லைஃப் இதழ் அதை எழுதியதும் பலரும் அதிர்ந்தனர். 1972இல் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் சிறுநீரகம் செயலிழந்தவர்களில் மிகப் பெரும்பாலோரை, வயது பாராமல், மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலை அத்தோடு ஒழிந்தது. செலவோ கணக்கிட்டதைத் தாண்டிப் போனது.

இக்கரை:
பிரிட்டனின் கதை அவ்வளவு வெளிப்படையானதல்ல. 1970களிலும் 80களிலும் முதியவர்களுக்கு டயாலிசிஸ் மறுக்கும் விதி எதிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. உள்ளூர் மருத்துவர் 'இனி செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று சொல்லி, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பாமலே விட்டுவிடுவார்; நோயாளியும் அதை மருத்துவ முடிவென்றே நம்புவார். 1999இல், எந்தச் சிகிச்சைக்கு அரசு மருத்துவத்தில் செலவிடலாம் என்று பரிந்துரைக்கும் நைஸ் என்ற அமைப்பு வந்த பிறகு, புது மருந்துகளைப் பொறுத்தவரையேனும் கணக்கு வெளியே வந்தது: நல்ல உடல்நலத்துடன் வாழும் கூடுதல் ஓராண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்ற அளவுகோலை அது நெடுங்காலம் கையாண்டது. உயிருக்கு விலை வைப்பதா என்று ஏசுகிறார்கள். எனக்கென்னவோ, சொல்லாமல் வைத்த விலையைவிட இது மேலாகவே படுகிறது.

வைகைக்கரை:
என் தந்தைக்கு வாரம் மூன்று முறை என்று எழுதிக் கொடுத்தார்கள். தனியார் மருத்துவமனை ஒன்றில் தொடங்கினோம்; அங்கே யாரும் எங்களை மறுத்ததே இல்லை. மூன்றாம் மாதம் ஒருநாள் ரசீதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி, "வாரம் ரெண்டு போதும்ப்பா, உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்றார். அன்று அவர் பாதம் வீங்கி, செருப்பு வாரின் தடம் பதிந்திருந்தது. தங்கள் நண்பர் இல்லை என்று சொல்லும் பங்கீடு இதுதான். மறுத்தவர் யாரென்று தேடினால் என் தந்தைதான் அகப்படுவார். பிறகு அரசு மருத்துவமனை ஒன்றுக்கு மாறினோம். இடம் கிடைக்க ஆறு வாரமாயிற்று; கிடைத்ததும் அதிகாலை முறைதான். ஆனால் பதிவேட்டில் எங்களுக்கு ஓர் எண் இருந்தது, எங்களுக்குப் பின்னால் வந்தவரை முன்னால் அழைத்தபோது அதைக் காட்டிச் சண்டை போட முடிந்தது.

தெற்குவாசல்:
இதை நண்பரிடம் காட்டினேன். பணத்தை அரசு கொடுத்து, நடத்துவதைத் தனியாரிடம் விட்டால் இரண்டு குறையும் தீருமே என்கிறார்.

மருதம்:
1973 ஜூலையில், நிக்சன் கையெழுத்திட்ட அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அமெரிக்காவில் ஏறத்தாழ அதுதான் நடந்தது: பணம் அரசுடையது, மையங்கள் பெருமளவு இலாப நோக்குள்ள தனியாருடையவை. 1983இல் ஒரு முறைக்கு இவ்வளவு என்று அரசு தொகையை வரையறுத்தது. கொடுப்பது அந்தத் தொகைதான் என்றானதும் செலவைச் சுருக்க முனைந்த மையங்கள், நோயாளியை இயந்திரத்தில் வைத்திருக்கும் நேரத்தைக் குறைக்கின்றன என்ற குறை அந்தப் பத்தாண்டுக்குள்ளாகவே எழுந்துவிட்டது.