பாரிஸிலிருந்து ஒரே நாளில் லுவார் கோட்டைகள்: தனி வழிகாட்டியோடு காரில் போவதா, ரயிலில் நாமே போவதா?

கோவைப்புறா

வணக்கம். ஜூலையில் அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு நானும் கணவரும் பாரிஸ் வருகிறோம். லுவார் நதிக்கரைக் கோட்டைகளுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். பார்ப்பதோடு விடமாட்டார், ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி.

ஒரு பயண நிறுவனத்தில் விசாரித்தேன். தனிக் கார், கூடவே வழிகாட்டி. ஷாம்போர், ப்ளுவா, ஆம்புவாஸ், ஷெனொன்சோ நான்கையும் ஒரே நாளில் காட்டுகிறார்களாம். காலை 7 மணிக்குக் கிளம்பி இரவு 8 மணிக்குத் திரும்பலாம் என்கிறார்கள். கேட்கும் தொகை ரயில் செலவைவிடப் பல மடங்கு. கொடுக்கலாமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

வழிப்போக்கன்

கொடுக்காதீர்கள். காரணம் பணம் மட்டும் இல்லை. அவர்கள் கொடுத்த நேரத்தை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பாரிஸிலிருந்து ஷாம்போர் சுமார் 180 கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். அங்கிருந்து ப்ளுவா அரை மணி, ப்ளுவாவிலிருந்து ஆம்புவாஸ் முக்கால் மணி, அப்புறம் ஷெனொன்சோ இன்னொரு இருபது இருபத்தைந்து நிமிடம். திரும்பி வர இரண்டரை மணிக்குக் குறையாது, பாரிஸ் நெரிசலையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஆக, 13 மணி நேரத்தில் பாதி காரிலேயே போய்விடும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தால் ஒரு கோட்டைக்கு ஒன்றேகால் மணி கிடைத்தாலே பெரிது. ஷாம்போரில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட அறைகள் இருக்கின்றன. அதன் மொட்டைமாடியில் புகைபோக்கிகளுக்கும் கோபுரங்களுக்கும் நடுவே சுற்றிவரவே அந்த நேரம் போதாது.

ரயிலில் போங்கள். மோம்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்தில் தூர் நகரத்தை ஒட்டிய நிலையத்துக்குப் போய்விடலாம். தூரிலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி, ஷெனொன்சோ நிலையம் கோட்டை வாசலை ஒட்டியே இருக்கிறது. அந்த ஒரு கோட்டையையும் இரண்டு தோட்டங்களையும் நிதானமாகப் பார்த்துவிட்டு மாலையில் திரும்புங்கள். ஒரு நாளைக்கு ஒரு கோட்டை போதும்.

லாசப்பல்வாசி

வழிப்போக்கன் தம்பி, நீங்கள் தனியாகத் தோள்பை மாட்டிக்கொண்டு போகிற ஆளின் கணக்கைச் சொல்கிறீர்கள். தங்கச்சி முட்டிவலிக்கார அம்மாவோடு வருகிறார்.

மோம்பர்னாஸ் எவ்வளவு பெரிய நிலையம், மெட்ரோவிலிருந்து ரயில் மேடைக்கு எவ்வளவு நடை என்று யோசித்தீர்களா? பிறகு தூரில் வண்டி மாற வேண்டும். ஷெனொன்சோவுக்குப் போகிற உள்ளூர் ரயில் அடிக்கடி இல்லை. ஒன்றைத் தவறவிட்டால் மேடையில் நெடுநேரம் காத்திருக்க வேண்டியதுதான். ஜூலை வெயிலில் அது வயதானவர்களுக்கு லேசான விஷயம் இல்லை.

நான் பாரிஸில் கார் ஓட்டுகிறேன். ஊரிலிருந்து வருகிற தமிழ்க் குடும்பங்களை லுவாருக்குக் கூட்டிப்போவதும் உண்டு. ஹோட்டல் வாசலில் ஏறினால் ஹோட்டல் வாசலில் இறங்கலாம். அம்மா களைத்துப்போனால் மூன்றாவது கோட்டையை விட்டுவிட்டுத் திரும்பலாம், யாரையும் கேட்கத் தேவையில்லை. வழி நெடுகத் தமிழில் கதைத்துக்கொண்டே வரலாம். நான்கு கோட்டை அதிகம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கார் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தூர்மாணவி

நான் தூரில் படிக்கிறேன். பெரிய விஷயம் ஒன்றை இரண்டு பேருமே தொடவில்லை: அந்த 'வழிகாட்டி' யார்?

பிரான்சில் பயண நிறுவனங்கள் விற்கும் சுற்றுலாக்களில் அருங்காட்சியகங்களுக்கும் வரலாற்றுச் சின்னங்களுக்கும் உள்ளே விளக்கம் சொல்லிக் கூட்டிப்போகிறவரிடம் அரசு தரும் தொழில்முறை வழிகாட்டி அட்டை இருக்க வேண்டும். அதற்கென்று படிப்போ தகுதியோ இருந்தால்தான் அது கிடைக்கும். 'தனி வழிகாட்டி' என்று விளம்பரம் செய்யும் பல பயணங்களில் வருகிறவர் ஓட்டுநர். காரில் நாலு கதை சொல்வார். வாசலில் டிக்கெட்டைக் கையில் கொடுத்து, இத்தனை மணிக்கு வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்துவிடுங்கள் என்பார். கோட்டைக்குள் நீங்கள் தனியாகத்தான் சுற்ற வேண்டும்.

அக்கா, உங்கள் நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வழிகாட்டி எங்களோடு உள்ளே வருவாரா, அட்டை இருக்கிறதா?" எழுத்தில் பதில் வாங்குங்கள். பல மடங்கு தொகை எதற்கு என்று அப்போது தெரிந்துவிடும்.

லாசப்பல்வாசி

இந்தப் பிள்ளை சொல்வது சரி. நான் உள்ளே போவதில்லை, அதை முதல் நாளே சொல்லிவிடுவேன். உள்ளே ஒலி வழிகாட்டிக் கருவி கொடுக்கிறார்கள். ஷாம்போரில் கைக்கணினி ஒன்றும் உண்டு. அறையில் நின்று அதைப் பிடித்தால் அந்தக் காலத்தில் அறை எப்படி இருந்தது என்று படமாகக் காட்டும். பெரும்பாலானவர்களுக்கு அது போதும்.

வழிப்போக்கன்

அதைத்தான் நானும் சொல்கிறேன். கருவியே போதும் என்றால் வழிகாட்டிக்குத் தனியாக ஏன் கொடுக்க வேண்டும்? ஒரு வாரம் முன்னால் வரலாற்றைப் படித்துவிட்டு வந்தால், அங்கே போய்க் கண்ணால் பார்ப்பதுதான் பாக்கி. கூடவே ஒருவர் பேசிக்கொண்டு வந்தால் சுவரைப் பார்க்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்போம். அவர் நிற்கிற இடத்தில் நிற்க வேண்டும், அவர் நகர்ந்தால் நகர வேண்டும். ஷாம்போரின் இரட்டைச் சுழல் படிக்கட்டில் ஒருவர் ஒரு பக்கமாகவும் இன்னொருவர் மறுபக்கமாகவும் ஏறினால், நடுத்தண்டின் திறப்புகள் வழியே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வழியில் எங்குமே எதிர்ப்பட மாட்டார்கள். அதை ஏறி இறங்கித்தான் அனுபவிக்க வேண்டும். யாரும் விளக்க வேண்டியதில்லை.

கல்வெட்டு

படிக்கட்டுக்கு விளக்கம் வேண்டாம், சரி. அந்தப் படிக்கட்டிலிருந்து வெளியே வந்ததும் எல்லோரும் சொல்வது என்ன? "உள்ளே ஒன்றுமே இல்லை, காலி அறைகள்." இணையத்தில் ஷாம்போர் பற்றி வரும் குறைகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

அந்த அறைகள் காலியாக இருப்பதுதான் அவற்றின் கதை. ஷாம்போரைக் கட்டிய முதலாம் பிரான்சுவா மன்னரின் அரசவை ஓரிடத்தில் நிலையாக இருந்தது கிடையாது. கட்டில், திரைச்சீலை, பெட்டி, பாத்திரம் எல்லாம் வண்டிகளில் மன்னரோடு வரும், மன்னரோடு போகும். 1519-இல் கட்ட ஆரம்பித்த இவ்வளவு பெரிய மாளிகையில், ஆட்சிக்காலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும், அவர் தங்கியது சில வாரங்கள்தான். வேட்டைக்கு வந்து தங்கவும், அந்நிய மன்னர்களுக்குத் தன் பெருமையைக் காட்டவும் கட்டியது அது. இதே காலி அறைகளில்தான் 1939-இல் போர் வந்தபோது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் ஓவியங்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து வைத்தார்கள். மோனாலிசாவும் இங்கே வந்து போயிருக்கிறது. இவ்வளவையும் அந்த வெறும் அறையில் நிற்கும்போது ஒருவர் சொல்ல வேண்டும். வீட்டில் படித்தது அந்த இடத்தில் ஞாபகத்துக்கு வராது.

ஷெனொன்சோவையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆன்றி மன்னர் 1547-இல் அதைத் தன் காதலி தியான் து புவாத்தியேவுக்குக் கொடுத்தார். செர் நதியின் மேல் பாலம் கட்டியது அவள். 1559-இல் ஈட்டிப் போட்டி விளையாட்டில் காயம்பட்டு மன்னர் இறந்ததும், விதவையான ராணி கத்தரின் தெ மெதிச்சி அவளை வெளியேற்றி, ஷொமோன் கோட்டையை மாற்றாகக் கொடுத்தாள். அப்புறம் அந்தப் பாலத்தின் மேலேயே 60 மீட்டர் நீளக் கூடத்தை எழுப்பினாள். கறுப்பு வெள்ளைக் கட்டத்தரை, இரண்டு பக்கமும் ஜன்னல், கீழே ஆறு. எல்லோரும் அங்கே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கூடத்தின் கோடியில் ஒரு கதவு இருக்கிறது. 1940-இல் ஜெர்மானியர் பிரான்சைப் பிரித்தபோது எல்லைக்கோடு இந்த ஆற்றில்தான் போனது. முன்வாசல் ஆக்கிரமிப்புப் பகுதியில், அந்தப் பின்கதவு சுதந்திரப் பகுதியில். அதன் வழியே தப்பிப் போனவர்கள் உண்டு. நல்ல வழிகாட்டி உங்கள் அப்பாவை அந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்தித்தான் இதைச் சொல்வார்.

கோவைப்புறா

அப்பாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். உடனே கேள்வி: "கதவுக்குக் காவல் போட்டிருக்க மாட்டார்களா?" இதற்கெல்லாம் கருவி பதில் சொல்லாது. ஆகவே உள்ளே வருகிற வழிகாட்டி எங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

நிறுவனத்திடமும் கேட்டேன். "எங்கள் ஓட்டுநர் காரில் எல்லாவற்றையும் விளக்குவார்" என்று பதில் வந்தது. அந்த நான்கு கோட்டைத் திட்டத்தை விட்டுவிட்டேன். இனி எப்படி அமைப்பது என்றுதான் கேள்வி. நாங்கள் சைவம், மதியச் சாப்பாடு பற்றியும் சொல்லுங்கள்.

தூர்மாணவி

என் யோசனை இது. தூர் வரை ரயில். அங்கே அட்டையுள்ள உள்ளூர் வழிகாட்டி ஒருவரை முன்பதிவு செய்யுங்கள்; காரும் அவரே கொண்டு வருகிறாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் அங்கேயே ஒரு வண்டி அமர்த்தலாம். ஷெனொன்சோ, ஆம்புவாஸ் இரண்டு மட்டும். இரண்டுக்கும் இடையே 15 கிலோமீட்டருக்குள்தான். பாரிஸிலிருந்து கார் எடுத்தால் நெடுஞ்சாலையில் போகிற நேரத்துக்கும் சேர்த்துத்தான் வழிகாட்டிக்குக் கொடுக்கிறீர்கள்.

அம்மாவுக்கு ஆம்புவாஸ் நல்லது. அங்கே ஒரு பெரிய கோபுரத்துக்குள் படிகளுக்குப் பதிலாக அகலமான சுழல் சரிவுப்பாதை இருக்கிறது, குதிரையும் வண்டியும் ஏறுவதற்காகக் கட்டியது. லியோனார்டோ டா வின்சியின் கல்லறை அந்தக் கோட்டை வளாகத்துச் சிறிய தேவாலயத்தில்தான் இருக்கிறது. அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1519-இல் இறந்த கிளோ லூசே மாளிகையும் பக்கத்தில்தான். எட்டாவது சார்ல் மன்னர் 1498-இல் இங்கே ஒரு தாழ்வான நிலைப்படியில் தலை இடித்து இறந்துபோனார். ஷெனொன்சோவில் முக்கியமான அறைகள் பலவும் அந்தக் கூடமும் தரைத்தளத்திலேயே வந்துவிடும். சமையலறைகள் மட்டும் கீழே, பாலத் தூண்களுக்குள். அங்கே அப்பா போய்வரட்டும், அம்மா தோட்டத்தில் உட்காரட்டும்.

சாப்பாட்டுக்கு ரொட்டி, பழம், ஆட்டுப்பால் சீஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செந்த்மோர் என்று ஒன்று உண்டு: உருளையாக, மேலே சாம்பல் பூசி, நடுவில் வைக்கோல் துரும்பு செருகியிருக்கும். வெட்டும்போது துரும்பை முதலில் உருவிவிட வேண்டும். சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றுநொதி சேர்ப்பார்கள், கண்டிப்பான சைவம் என்றால் அதைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

லாசப்பல்வாசி

ஷாம்போரை விடச் சொல்கிறீர்களா! ஊரிலிருந்து வாழ்க்கையில் ஒருமுறை வருகிறார்கள். காட்டுக்கு நடுவே அந்தக் கூரை தெரிகிற காட்சியைப் பார்க்காமல் லுவார் போனதாகச் சொல்ல முடியுமா?

நான் வேறு வழி சொல்கிறேன். ஷாம்போரும் ப்ளுவாவும் பாரிஸ் பக்கமாகவே இருக்கின்றன, இரண்டுக்கும் இடையே 16 கிலோமீட்டர்தான். காலை காரில் கிளம்பி ஷாம்போர், மதியம் ப்ளுவா, இரவுக்கு முன் பாரிஸ். ஷெனொன்சோவைத் தொட்டால்தான் நாள் நீளும். ப்ளுவாவுக்கு உள்ளூர் வழிகாட்டியை வாசலில் வரச் சொல்லிவிடலாம். கார் என்னைப்போல ஒருவர் ஓட்டட்டும், கோட்டைக்குள் தெரிந்தவர் பேசட்டும்.

கல்வெட்டு

வரலாற்று ஆசிரியருக்கு ப்ளுவாதான் என்று நானும் சொல்வேன். முற்றத்தின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்: 13-ஆம் நூற்றாண்டுப் பெருங்கூடம், பன்னிரண்டாம் லூயியின் செங்கல் மாளிகை, பிரான்சுவாவின் வெளிப்புறச் சுழல் படிக்கட்டு, 1630-களில் கட்டிய செவ்வியல் கட்டடம். நாலு காலம், நாலு பாணி, ஒரே முற்றம்.

1588 டிசம்பர் 23 அன்று மூன்றாம் ஆன்றி, தன்னைவிடச் செல்வாக்கு மிகுந்துவிட்ட கீஸ் கோமகனை இந்தக் கோட்டைக்குள் வரவழைத்துத் தன் மெய்க்காவலர்களை விட்டுக் கொன்றான். நோயில் கிடந்த அவன் தாய் கத்தரின் இதே கோட்டையில் இரண்டு வாரத்தில் இறந்தாள். அடுத்த ஆகஸ்டில் ஒரு துறவியின் கத்திக்குத்தில் ஆன்றியும் போனான், அதோடு அவனுடைய வலுவா அரச வம்சம் முடிந்தது. ஷெனொன்சோவில் ஆற்றின் மேல் கூடத்தை எழுப்பிய அதே கத்தரின்தான். இரண்டு கோட்டைகளையும் ஒரே வழிகாட்டி சேர்த்துச் சொன்னால் எப்படி இருக்கும்! ஆனால் ஒரு நாளில் முடியாது.

வழிப்போக்கன்

ப்ளுவா என்றால் என் வாதம் இன்னும் பலமாகிறது. ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து நேர் ரயில், ஒன்றரை மணி நேரம், வண்டி மாற வேண்டாம். நிலையத்திலிருந்து கோட்டைக்குப் பத்து நிமிட நடை. ஷாம்போருக்கு அங்கிருந்து டாக்சி பிடிக்கலாம். பருவ காலத்தில் பேருந்தும் விடுகிறார்கள். ஹோட்டல் வாசலிலேயே ஏறி இறங்கலாம் என்றார் அண்ணன். ஆனால் ஷாம்போரில் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கோட்டைக்கே நல்ல நடை இருக்கிறது, அதைக் காரில் போனாலும் நடந்துதான் தீர வேண்டும். வழிகாட்டி விஷயத்தில் உங்கள் அப்பாவுக்காக விட்டுக்கொடுக்கிறேன். பாரிஸ் கார் விஷயத்தில் இல்லை.

லாசப்பல்வாசி

நடை இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த நடைக்கு முன்னால் அம்மாவின் காலில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கும் என்பதுதான் என் கேள்வி. ப்ளுவா நிலையத்திலிருந்து கோட்டை வரை சமதரை இல்லை, தம்பி.

கோவைப்புறா

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் பேசினோம். ஆற்றின் மேல் நிற்கும் கோட்டையின் படத்தைப் பார்த்துவிட்டு அம்மா வேறு எதையும் கேட்கத் தயாராக இல்லை, ஆகவே தூர்மாணவி சொன்னபடி ஷெனொன்சோவும் ஆம்புவாஸும். ரயில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தூரில் அட்டையுள்ள இரண்டு வழிகாட்டிகளுக்கு எழுதியிருக்கிறேன். ஒருவர் ஆங்கிலத்தில் பதில் போட்டு, காரும் தன்னிடம் உண்டு என்கிறார். அண்ணா, ஹோட்டலிலிருந்து மோம்பர்னாஸ் வரை மட்டும் காலையில் கார் கிடைக்குமா?

லாசப்பல்வாசி

கிடைக்கும் தங்கச்சி. முதல் ரயில்களில் ஒன்றைப் பிடியுங்கள். ஷெனொன்சோ திறந்தவுடன் உள்ளே போனால்தான் அந்தக் கூடத்தைக் கூட்டமில்லாமல் பார்க்கலாம், பத்தரைக்குப் பிறகு பேருந்துகள் வந்துவிடும்.

தூர்மாணவி

அதையே வழிகாட்டியிடமும் சொல்லிவிடுங்கள் அக்கா. ஆம்புவாஸை மதியத்துக்கு வையுங்கள்.