காப்பித்தூள் விற்க அந்தப் பெண் எதற்கு அப்படி நிற்க வேண்டும்?

பிறை வாசுகி:
சனிக்கிழமை அம்மாவோடு பேரங்காடிக்குப் போயிருந்தேன். சமையல் சாமான் பகுதி முனையில் த்ரீ இன் ஒன் காப்பிக்கு ஒரு மேசை. பக்கத்தில் இருபது வயதுகூட இருக்காத ஒரு பெண், பாதித் தொடை தெரிகிற பளபளப்பான சிவப்பு உடையில், ஹீல்ஸ் போட்டு நின்றாள். உடை அவள் அளவே இல்லை. முதுகில் இரண்டு ஊக்கு குத்தி இழுத்துப் பிடித்திருந்தது. கீழே இருக்கும் பெட்டியிலிருந்து பாக்கெட் எடுக்க அவளால் குனிய முடியவில்லை. ஒரு கையால் பாவாடையைப் பிடித்தபடி ஒருக்களித்து உட்கார்ந்து எழுந்தாள். குதிகாலில் பிளாஸ்டர். ஒரு பெரியவர் இலவசக் காப்பியைக் குடித்துவிட்டு, "ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டபடியே இடுப்பில் கை போட்டார். அவள் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. காப்பியின் ருசிக்கும் அவள் தொடைக்கும் என்ன சம்பந்தம்?

லெபோ பசார் கடைக்காரர்:
தங்கச்சி, கை போட்டது தப்பு, அதில் பேச்சே இல்லை. ஆனால் அந்தப் பெண்ணை யாரும் கட்டி இழுத்து வரவில்லையே. நானும் கடை வைத்திருக்கிறேன். பத்து கம்பெனிக் காப்பி ஒரே அலமாரியில் இருக்கும்போது, ஆள் நின்று பார்க்காவிட்டால் சரக்கு நகராது. தைவானில் பாக்கு விற்கக்கூட ரோட்டோரம் கண்ணாடிக் கூண்டில் பெண்களை உட்கார வைக்கிறார்கள். நம் துணிக்கடை விளம்பரத்திலும் பெண்தானே நிற்கிறாள்?

பிறை வாசுகி:
அண்ணே, சேலையைக் கட்டிக் காட்ட ஒரு பெண் வேண்டும், சரி. காப்பிக்கு? நம் மலேசியத் தொலைக்காட்சி விளம்பர விதியிலேயே, பெண்களுக்குச் சம்பந்தமில்லாத பொருளை விற்க அவர்களை விளம்பரத்தின் மையமாக நிறுத்தக் கூடாது என்று இருந்திருக்கிறது. திரையில் தப்பு என்றால் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் மட்டும் எப்படிச் சரியாகும்? தைவானைச் சொன்னீர்கள். அங்கே தாவ்யுவானில் 2002-லேயே மார்பு, வயிறு, பின்புறம் மூன்றையும் மூட வேண்டும் என்று உத்தரவு போட வேண்டி வந்தது. பினாங்கு என்ற பேரே பாக்குக்கான மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. இந்தத் தீவில் பாட்டிமார் வெற்றிலை மடித்து விற்றார்கள், யாரும் வாங்காமல் போகவில்லை.

செந்தூல் குமரன்:
தடை செய்ய வேண்டியதுதான். நம் பண்பாட்டுக்கு இது ஒத்துவராது. உடை விதி கொண்டுவந்து, மீறினால் அந்தப் பெண்களுக்கும் அபராதம் போடட்டும். அப்போதுதான் வர மாட்டார்கள்.

ஜெலுத்தோங் மீனா:
குமரன் அண்ணா, நான் அந்த வேலை பார்த்தவள். இரண்டு வருடம், வார இறுதிகளில். ஒரு நாளைக்கு 150 வெள்ளி (ரிங்கிட்). கல்லூரிக் கட்டணத்தில் பாதி அதில்தான் கட்டினேன். அபராதம் எனக்கா? உடையைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை. ஏஜென்சி முதல் நாள் இரவு ஒரு பையில் கொண்டுவந்து கொடுக்கும், எல்லாருக்கும் எஸ் சைஸ். வாசுகி அக்கா பார்த்த ஊக்கு நானும் குத்தியதுதான். பாவம் பார்க்காதீர்கள், எனக்குப் பணம் தேவைப்பட்டது. ஆனால் "அவளாக வந்தாள்" என்று கடைக்கார அண்ணன் சொல்வதும் முழு உண்மை இல்லை. வேலைக்குச் சம்மதித்தேன், அந்தக் கைக்குச் சம்மதிக்கவில்லை. எட்டு மணி நேரம் நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் சோம்பேறி மாதிரித் தெரியுமாம்.

பங்சார் பிரபு:
குமரன் சொல்லும் வழியை அமெரிக்காவில் எவரெட் என்ற ஊரில் பார்த்துவிட்டார்கள். பிகினி போட்டுக் காப்பி விற்ற பெண்களுக்கு எதிராக 2017-ல் உடை விதி போட்டார்கள். அந்தப் பெண்களே வழக்குக்குப் போனார்கள். 2022-ல் நீதிமன்றம் விதி செல்லாது என்றது, நகராட்சிக்குத்தான் பணச்செலவு. இங்கே சட்டம் இருக்கிறது, மீனா. வேலைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த பாலியல் தொல்லைப் பகுதி முதலாளி, தொழிலாளி என்ற வட்டத்துக்குள்ளேயே நின்றது, வாடிக்கையாளர் அதில் சிக்க மாட்டார். 2022-ல் வந்த பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் அப்படி இல்லை. 2024-லிருந்து தீர்ப்பாயம் புகார் வாங்குகிறது. வக்கீல் தேவையில்லை, 250,000 வெள்ளி வரை இழப்பீடு கேட்கலாம்.

ஜெலுத்தோங் மீனா:
நல்ல சட்டம்தான், பிரபு அண்ணா. ஆனால் படம் எடுத்துக்கொண்டு தள்ளுவண்டியோடு போய்விட்ட ஆளின் பேர் எனக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை சூப்பர்வைசரிடம் சொன்னேன். "நாங்கள் கடைக்காரர், நீ ஏஜென்சி ஆள், அங்கே பேசு" என்றார். ஏஜென்சியில், "கம்பெனிக்காரன் சிரிச்ச முகம்தான் கேட்டான், சமாளிச்சுக்கோ" என்றார்கள். மூன்று பேருக்கு நடுவில் நான் யாருடைய ஆளும் இல்லை. அன்று சாயங்காலம் 42 பாக்கெட் விற்றிருந்தேன். அதை மட்டும் மூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள்.

செந்தூல் குமரன்:
மீனா தங்கச்சி, அபராதத்தை உங்கள் பக்கம் தள்ளியது என் தப்பு. இந்த உடை வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றமில்லை. தண்டனை உடை கொடுத்தவனுக்குப் போகட்டும்.

லெபோ பசார் கடைக்காரர்:
மீனா சொன்னதற்குப் பதில் சொல்லாமல் போகக் கூடாது. கவர்ச்சி விளம்பரமே கூடாது என்று வாசுகி சொல்வதை நான் இன்னும் ஏற்கவில்லை, வியாபாரத்தில் கண்ணை இழுக்காமல் முடியாது. ஆனால் தீபாவளிக்கு என் கடை வாசலிலும் கம்பெனிக்காரர்கள் இரண்டு பெண்களை நிறுத்தினார்கள். அவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள், எங்கே சாப்பிட்டார்கள் என்று நான் பார்க்கவே இல்லை. உள்ளே நாலு நாற்காலி சும்மா கிடந்தது.

பிறை வாசுகி:
அடுத்த தடவை அவர்கள் வந்தால் நாற்காலியை வெளியே போடுங்கள், அண்ணே. உடை யார் கொடுத்தது, தொல்லை வந்தால் யாரிடம் சொல்வது என்று கம்பெனியிடம் எழுதி வாங்கிக்கொண்டு மேசைக்கு இடம் கொடுங்கள். வாசல் உங்களுடையது.