துருவேறிய சைலன்சர் கிளாம்பைக் கழற்றுவது எப்படி?

கடலோரப் பயணி:
வணக்கம். தூத்துக்குடியின் உப்புக்காற்றிலேயே ஓடும் என் 350 சிசி பைக்குக்குப் புதிய சைலன்சர் மாற்ற வேண்டியுள்ளது. எஞ்சினிலிருந்து புகையைக் கொண்டுவரும் பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேரும் இடத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பின் போல்ட்டும் நட்டும் துருவேறி இறுகிவிட்டன. நட்டின் முனைகளும் மழுங்கத் தொடங்கியுள்ளன. நல்ல நிலையிலுள்ள பெண்ட் பைப்புக்குச் சேதம் வராமல் கிளாம்பை எவ்வாறு எடுப்பது?

பட்டறை அனுபவம்:
இரும்பு துருவாகும்போது பருமன் கூடுவதால், மரைகளுக்கு இடையே இருந்த சிறு இடைவெளியையும் துரு அடைத்துக்கொள்கிறது. ஆகவே எடுத்தவுடன் பலத்தைக் காட்டாதீர்கள். வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, துருவில் ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து ஓரிரவு ஊறவிடுங்கள். இடையிடையே போல்ட்டின் தலையைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் எண்ணெய் உள்ளே இறங்கும். மழுங்கிய நட்டுக்குப் பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் உதவாது, ஆறு முனை சாக்கெட்டே நன்றாகப் பிடிக்கும். முதலில் இறுக்கும் திசையில் ஒரு சிறிது அசைத்து, பிடிப்பு விட்டது தெரிந்தபின் கழற்றுங்கள். மீண்டும் இறுகினால், எண்ணெய் விட்டு முன்னும் பின்னுமாகத் திருப்புங்கள்.

அப்படியும் அசையாவிட்டால் போல்ட்டை அறுத்துவிடுவதே என் பரிந்துரை. புதிய கிளாம்பின் விலை குறைவு, பெண்ட் பைப்பின் விலை அப்படியன்று. கிளாம்பின் இரு காதுகளுக்கு நடுவே தெரியும் போல்ட் தண்டில் ஹேக்ஸா பிளேடை நுழைத்து அறுத்தால் குழாயில் கீறல் விழாது. கிரைண்டரைவிட இதற்கு நேரம் கூடுதலாகும், ஆனால் கை கட்டுப்பாட்டில் இருக்கும்.

நெடுஞ்சாலை:
டார்ச்சால் சூடாக்கும் வழியைப் பலர் சொல்வார்கள். ஊடுருவும் எண்ணெய் எளிதில் தீப்பற்றும். பெட்ரோல் டேங்கும் அருகிலேயே இருக்கிறது. துத்தநாகப் பூச்சுள்ள கிளாம்பைச் சூடாக்கினால் எழும் புகையும் உடலுக்குக் கெடுதல். வீட்டு வாசலில் இதைச் செய்ய வேண்டாம்.

கடலோரப் பயணி:
இருவருக்கும் நன்றி. சிலிண்டர் ஹெட்டில் பெண்ட் பைப்பைப் பிடித்திருக்கும் நட்டுகளையும் தளர்த்த வேண்டுமா?

பட்டறை அனுபவம்:
சைலன்சரை மட்டும் மாற்றுவதாக இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். உண்மையான ஆபத்து அங்கேதான் உள்ளது, ஏனெனில் அலுமினிய ஹெட்டுக்குள் அந்த நட்டுகள் மாட்டியிருக்கும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) முறிந்தால் அதைத் துளையிட்டு எடுக்க லேத் பட்டறைக்குப் போக நேரிடும். சைலன்சரின் பின்புறத் தாங்கு போல்ட்டைக் கழற்றியபின், சைலன்சரை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திருப்பியபடியே இழுங்கள். மேலும் கீழுமாக ஆட்டினால் அந்தச் சுமை முழுவதும் ஸ்டட்டுகளில்தான் விழும். உங்களுடையது 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) வண்டியானால், ஆக்சிஜன் சென்சாரின் ஒயர் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருத்தும்போது இணைப்பில் புகை கசியாமல் தடுக்கும் கேஸ்கட்டையும் புதிதாக மாற்றி, போல்ட் மரையில் செம்புத் தூள் கலந்த, வெப்பம் தாங்கும் பசையைத் தடவுங்கள். எல்லா போல்ட்டுகளையும் தளர்வாக மாட்டி, குழாய் இழுவிசையின்றி நேராக அமர்ந்தபின் கிளாம்பையும், கடைசியாகப் பின்புறத் தாங்கியையும் இறுக்குங்கள். ஒருமுறை ஓட்டி, நன்றாக ஆறியபின் கிளாம்பின் இறுக்கத்தை மறுபடி சரிபாருங்கள்.