படம், நாடகம் பாத்ததால வந்த வினை ஒண்டு சொல்லுங்க

கல்லடிக்காரி

டூரிஸ்ட் ஃபேமிலி, சசிகுமாரும் சிம்ரனும் சிலோனில இருந்து தப்பித் தமிழ்நாட்டுக்கு வாற குடும்பமா நடிச்ச படம், எல்லாரும் பாத்திருப்பீங்க, கதை சொல்லத் தேவையில்ல. 2025 ஜூனில போனுக்கு வந்த கிழமையே நானும் பாத்தன். ராமேஸ்வரத்தில பொலிஸ்காரன் அவங்கள விட்டுவிடுற இடத்தில அழுதுமிருக்கன். குறை சொல்ல வரல்ல. மனசில கிடந்து அறுக்கிறது அதுக்குப் பிறகு நடந்தது.

அடுத்த மாசம் அம்மாட கண் ஒப்பரேசனுக்குச் சென்னைக்குப் போனம். வடபழனிப் பக்கம் லொட்ஜ், கீழ டீக்கடை. ஒப்பரேசன் முடிஞ்ச மற்றநாள் விடிய, அம்மா ஒரு கண்ணுக்குத் துணி கட்டினபடி நிக்கிறா. நான், "அண்ணே, சீனி ஒள்ளம் போதும்" எண்டன். ஆத்திக்கொண்டு இருந்த மனிசன் கையை நிப்பாட்டிட்டுக் கேட்டார்:

"கேரளாவாம்மா?"

"இல்லண்ணே, சிலோன்."

"சும்மா சொல்லாதீங்க. சிலோன் தமிழ் எனக்குத் தெரியாதா? இப்பதான் சசிகுமார் படம் ரெண்டு தடவ பாத்தேன். நீங்க பேசுறது அது இல்லையே."

பக்கத்தில பேப்பர் பாத்துக்கொண்டு இருந்தவர் தலையை நிமித்தாமலே, "தெனாலியில கமல் பேசுவாரே, அதுதான் சிலோன்" எண்டார். மட்டக்களப்பு எண்டன். ரெண்டு பேருக்கும் விளங்கல்ல. "யாழ்ப்பாணம் பக்கமா?"

அந்த நேரம் எனக்கு என்ன பிடிச்சதெண்டு தெரியா. "ஓமண்ணே, நாங்கள் யாழ்ப்பாணம்தான். தேத்தண்ணி நல்லாருக்குது, பேந்து வாறம்" எண்டு படத்தில இழுக்கிற மாதிரியே இழுத்துச் சொன்னன். மனிசன் மேசையில தட்டிச் சிரிச்சார். "பாத்தியா! இதான்யா சிலோன் தமிழ்!" ரெண்டு டீக்கும் காசு வாங்கல்ல.

அம்மா மற்றக் கண்ணால என்னப் பாத்தா. படியேறக்க ஒண்டே ஒண்டுதான் கேட்டா: "பேந்து எண்டு ஆருக்குப் புள்ள சொன்ன நீ?"

பிறகு எண்டதுக்கு எங்கட வீட்டில மறுகா எண்டுதான் சொல்ற. என்ர வாயில மறுகா வராத நாள் இல்ல. அண்டைக்கு மட்டும் வரல்ல. குடிச்ச தேத்தண்ணி எனக்குத் தந்தது இல்ல, ஆரோ ஒரு யாழ்ப்பாணத்தாளுக்குத் தந்தது. ஊருக்கு வந்து இத்தனை மாசம், இன்னும் அந்தப் படத்தைத் திரும்பப் போட மனம் வருதில்ல.

களுவாஞ்சிகுடி மருமகள்

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம். கட்டி வந்தது களுவாஞ்சிகுடிக்கு. படத்தில வாறது எங்கட பேச்சு எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? சசிகுமார் பாதி வசனத்தில எங்கட ஊருக்கு வாறார், மிச்சப் பாதியில மதுரைக்குத் திரும்பிப் போறார். சிம்ரன் பரவாயில்லை, ஏனெண்டால் அவ அளவாய்க் கதைக்கிறா. அந்தப் படத்தில எனக்குப் பிடிச்சது செத்தவீடு ஒண்டுதான். அதில பாஷைக்கு வேலை இல்லை.

கலியாணம் முடிச்சு வந்த முதல் மாசம், வீட்டுக்கு ஆக்கள் வந்தால் மாமி என்னைக் கூப்பிட்டு, "தெனாலி மாதிரி ஒருக்காக் கதை புள்ள" எண்டுவா. அவ பகிடிக்குத்தான் சொன்னவ. நான் "அவை வருவினம், போவினம்" எண்டு சொல்ல எல்லாரும் சிரிப்பினம். கொஞ்ச நாளில என்ன நடந்ததெண்டால், நான் சும்மா கதைக்கிறது காணாது எண்டு கமல் மாதிரிக் கொஞ்சம் நடுங்கி நடுங்கிக் கதைக்கத் தொடங்கினன். என்ர ஊரில ஒருத்தரும் அப்பிடி நடுங்கிறேல்லை. நீங்கள் குடிச்ச தேத்தண்ணி எனக்கும் தெரியும்.

வாவிக்கரை வாசகன்

ஒரு சிறு தகவல். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில், பேச்சுத் தமிழ்களிலேயே எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்புத் தமிழ் என்று குறிப்பிட்டிருக்கிறார். எனவே சகோதரி அந்தக் கடையில் தலைநிமிர்ந்து நின்றிருக்கலாம். அனுபவம் என்று சொல்ல என்னிடம் ஏதுமில்லை, நான் தொலைக்காட்சி பார்ப்பதில்லை.

பந்துப் பைத்தியம்

சுவெலபில்லுக்கும் அந்த டீக்கடையில காசு வாங்கித்தான் இருப்பாங்க ஐயா.

என்ர கதை சின்னது. லப்பர் பந்து பாத்திட்டு எங்கட கழகத்தின்ர பழைய தலைவர், வயசு 44, தன்னை அந்தப் படத்தில வாற பேட்ஸ்மன் கெத்து எண்டு நினைச்சிட்டார். ஏழு வருசமாத் தொடாத பேட்ட எடுத்துக்கொண்டு சொஃப்ட்போல் மச்சுக்கு வந்து முதல் பந்திலயே ஏறி அடிச்சார். பந்து சிக்ஸ். தோள்மூட்டு விலகிற்று. எண்டாலும் படம் அருமை.

படுவான்கரையான்

எனக்கு எதிர்நீச்சல். குணசேகரன் ஆரெண்டு இங்க விளங்கப்படுத்தத் தேவையில்லத்தானே.

எங்கட பெத்தாக்கு, அதான் பாட்டிக்கு, அந்த நாடகம் தொடங்கின காலம் கரண்ட் இல்லாத காலம். 2022 மார்ச் முடிவில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினாங்களே, அப்ப. எங்கட பகுதிக்கு ராவு ஒன்பதரைக்குக் கரண்ட் இரிக்குமா எண்டு பின்னேரமே என்னட்டக் கேட்டு வச்சிருப்பா. வந்தா உரலில வெத்திலை இடிச்சுக்கொண்டு முன்னுக்குக் குந்துவா. குணசேகரன் வாயைத் திறந்த உடனே இவவும் திறப்பா. "கட்டையில போவான், உனக்கு ஒரு நல்ல சாவு வருமாடா" எண்டு. ஒன்றரை வருசம், கிழமையில ஆறு நாள். நாங்க நாடகத்தப் பாக்கிறல்ல, பெத்தாவத்தான் பாக்கிற.

2023 செப்டெம்பர் 8 வெள்ளிக்கிழமை. மாரிமுத்து டப்பிங் பேசப் போன இடத்தில நெஞ்சு நோ வந்து செத்திட்டார் எண்டு போனில கண்டன். நான் ஒரு மடையன், ஓடிப்போய்ப் பெத்தாட்டக் காட்டினன்.

"ஆரு, குணசேகரனா?"

"நடிச்சவர் பெத்தா. நெசமாவே செத்திட்டார்."

உரல் நிண்டிட்டு. கையில உலக்கை. கனநேரத்துக்குப் பிறகு, "நான் அவன ஏசினது டீவிக்குள்ள கேக்காதுதானே மனே?" எண்டு கேட்டா. கேக்காது எண்டன். அவ நம்பல்ல.

எட்டாம் நாள் விடிய எழும்பிப் பாக்கன், குசினிக்குப் பின்னால வாழையிலை விரிச்சு ஒரு செவ்விளநி சீவி வச்சிருக்கு. ஆருக்கெண்டு கேட்டதுக்கு, "அந்த மனிசனுக்கு என்ன விருப்பமெண்டு நமக்குத் தெரியாதே. நாள் முழுக்கக் கத்துற ஆள், தொண்டை காஞ்சிருக்கும்" எண்டா.

அதுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர், நான் ஒண்டும் சொல்லல்ல. பெத்தா ரெண்டு நாள் பாத்திட்டு எழும்பிட்டா. "இவன ஏச வாய் வருதில்ல மனே."

கமரா தம்பி

கல்லடி அக்காவுக்கு முதல்ல ஒண்டு சொல்றன், கோவிக்கப்படா. பிழை உங்களில. நீங்க ஏன் மாத்திக் கதைச்சீங்க? டீக்கடைக்காரர் கண்டது படத்தை. நம்மட பேச்சுப் படத்தில இல்லாட்டி அவருக்கு எப்பிடித் தெரியும்? தமிழ்நாட்டை விடுங்க. நம்மட நாட்டில எடுத்த படங்களையே பாருங்க. தர்மசேன பத்திராஜ 1977இல பொன்மணி எடுத்தார், போனது யாழ்ப்பாணத்துக்கு. அசோக ஹந்தகம 2012இல இனி அவன் எடுத்தார், அதுவும் யாழ்ப்பாணம். ரெண்டும் நல்ல படம், ரெண்டு பேரும் சிங்கள ஆக்கள், அந்தத் துணிச்சலுக்கு நான் கும்பிடுவன். ஆனா கல்லடிப் பாலத்தைத் தாண்டி ஆரும் கமராவை ஒழுங்கா இறக்கல்ல.

என்ர அனுபவம்: நானும் கூட்டாளிமாரும் மண்முனைப் பக்கம் 14 நிமிசக் குறும்படம் ஒண்டு எடுத்தம். போட்டிக்குப் போட்டம். நடுவர் ஒருத்தர், "மறுகா எண்டா மான்குட்டியா?" எண்டு கேட்டார். அவ்வளவுதான்.

ஆனபடியா அக்கா, நீங்களே எடுங்க. போன் காணும். நான் சொல்ற முறையில செய்யுங்க. வெளிச்சம் காலமை ஆறரையில இருந்து எட்டு மணி, பின்னேரம் நாலரைக்குப் பிறகு. இடைப்பட்ட நேரம் நம்மட வெயில் முகத்தில கண்ணுக்குக் கீழ கறுப்புக் குழி விழுத்தும். ஒரு வெள்ளை பெட்சீட்டை ஆளுக்கு எதிர்ப்பக்கம் பிடிச்சா அந்தக் குழி பாதி குறையும், காசும் இல்ல. வாவிக்கரையில எடுக்கிறதெண்டா காத்துத்தான் எதிரி. படம் வடிவா வரும், வீட்ட வந்து கேட்டா ஒரே இரைச்சல். சட்டையில குத்துற சின்ன மைக் வாங்குங்க, அதுக்கு மேல பஞ்சு இல்லாட்டிப் பொம்மையில இருந்து வெட்டின மயிர்த்துணி சுத்துங்க. எடுத்து முடிச்ச உடனே ஆக்களை அனுப்பாதீங்க, ஒரு நிமிசம் எல்லாரையும் சும்மா நிக்கச் சொல்லி அந்த இடத்தின்ர சத்தத்தை மட்டும் பதிஞ்சு வைங்க, வெட்டி ஒட்டக்க உதவும். வசனத்தை எழுதிக் குடுக்காதீங்க. எழுதினா எங்கட சனம் பாடப்புத்தகம் வாசிக்கும். சம்பவத்தைச் சொல்லிட்டு விட்டிருங்க, அம்மா மாதிரி ஆக்கள் தன்பாட்டில கதைப்பாங்க. நீளத்துக்குப் பயப்படாதீங்க. மெய்யழகன் வெளியான பிறகு 18 நிமிசம் வெட்டினாங்க, ஆக்கள் இருந்து கதைச்சுக்கொண்டே இருக்கிறாங்களாம் எண்டு. இருந்து கதைக்கிறதுதான் அந்தப் படமே. வெட்டாத பிரதிதான் எனக்கு உயிர். கடைசியா, கீழ எழுத்துப் போடுங்க, ஆங்கிலத்திலயும் தமிழிலயும். தமிழுக்குத் தமிழில எழுத்தா எண்டு கேப்பாங்க. போடுங்க. வேற என்ன தேவை எண்டாலும் கேளுங்க.

பந்துப் பைத்தியம்

தம்பி, அவ கேட்டது ஒரு தேத்தண்ணிக் கதை.

நிந்தவூர் புள்ள

வாசிச்சுக்கொண்டு வாறன். நீங்க மறுகாவுக்கு அழுகிறீங்க. அம்பாறைக் கரையில நாங்க, முஸ்லிம் ஆக்கள், கதைக்கிற கதை எந்தப் படத்தில வந்திரிக்கி? சோனகர் எண்டு ஒரு சனம் இரிக்கிறதே அந்த டீக்கடைக்காரருக்குத் தெரியாது. நான் போயிருந்தா யாழ்ப்பாணத்தாள் மாதிரி நடிச்சும் தப்பேலாது, தலையில முக்காடு. எங்கட வீட்டில வாப்பாவும் தம்பியும் கொரோனா லொக்டவுனில பென்டிரைவ் கணக்கா ஏர்துருல் பாத்து முடிச்சாங்க, துருக்கி நாடகம், தமிழ் எழுத்தோட. ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அங்கால உள்ள ஆக்கள் எங்கட ஆக்கள் மாதிரி ஸலாம் செல்லுறாங்க எண்டு வாப்பாக்குச் சந்தோசம். எங்களுக்கு அதுதான் கிட்டின சொந்தம், பாருங்களன்.

ஆனா நான் எழுத வந்தது வேற.

போன மார்கழி மழைக்குள்ள, டீவியில தசாவதாரம் போட்டான். பழைய படம், 2008. சின்னதுகள் கமல் பத்து வேசத்தை எண்ணிக்கொண்டு இரிக்கிதுகள். கடைசியில என்ன வரும் எண்டு எனக்குத் தெரியும், ஆனா உம்மா அடுக்களையில எண்டு விட்டிட்டன். அந்தக் கட்டம் வரக்க உம்மா கையில சோத்துக் கோப்பையோட வாசல்படியில நிக்கிறா. அலை எழும்பி வருது. கம்பியூட்டரில செஞ்ச அலைதான், இப்ப பாத்தா தண்ணி மாதிரியும் இல்ல. உண்மையான அலை அப்பிடிச் சுருண்டு வந்ததும் இல்ல. கறுப்பா, பாதையில வாகனம் வாற மாதிரிக் கிடையா வந்தது. இந்த நாட்டில எங்கட மாவட்டத்துக்குத்தான் கூட அழிவு, உங்களுக்கு நான் செல்லத் தேவையில்ல.

உம்மா ஒண்டும் செல்லல்ல. கோப்பையை வச்சா. முத்தத்தில இறங்கி, மழையில நனைஞ்சுகொண்டு போய், கேட்டுப் பூட்டைத் திறந்து ரெண்டு கதவையும் அகலத் திறந்து விட்டிட்டு வந்து சாப்பாட்டுக்கு இருந்தா. நாய் பூந்திரும் எண்டு மஃரிபோட பூட்டுற கேட் அது. 2004இல அந்த விடிய எங்கட பழைய வீட்டுக் கேட் பூட்டித்தான் கிடந்தது. சாவி வாப்பாட சேட்டுப் பைக்குள்ள, வாப்பா சந்தையில.

படத்தில அந்த அலைதான் நன்மையாம். கடலுப்பில கிருமி எல்லாம் அழிஞ்சு போகுதாம். கமல்ட மூளை பெரிய மூளைதான், நானும் ரசிகைதான், ஆனா அந்த ஒரு கணக்கை மட்டும் எனக்கு இன்னும் விழுங்கேலாம இரிக்கி. சின்னது ஒண்டு கைதட்டிச்சு, வில்லன் செத்திட்டான் எண்டு.

கமரா தம்பி

அக்கா, அந்தக் காலத்துக் கிராஃபிக்ஸ் அப்பிடித்தான். தண்ணியை உருவாக்கிறதுதான் அதில ஆகக் கஸ்டமான வேலை. அது எப்பிடிச் செய்யிறதெண்டா

படுவான்கரையான்

தம்பி, கொஞ்சம் பொறு.

கல்லடிக்காரி

கமரா தம்பி, படம் எடுக்க எனக்கு வராது. ஆனா உங்கட மான்குட்டியை அம்மாக்குச் சொன்னன், விழுந்து விழுந்து சிரிச்சா. மற்றக் கண்ணுக்கு வாற மாசம் திரும்பச் சென்னைக்குப் போகணும். அந்த லொட்ஜ்தான் பதிஞ்சிரிக்கு. இந்த முறை தேத்தண்ணிக்குத் தானே கேப்பாவாம், நான் வாயைத் திறக்கப்படாதாம்.

களுவாஞ்சிகுடி அக்கா, நடுங்கிற கதையை மாமிக்குச் சொன்னீங்களா?

நிந்தவூர் தங்கச்சி, அண்டைக்கு ராவு கேட் அப்பிடியே கிடந்ததா?

நிந்தவூர் புள்ள

விடியும் வரைக்கும். நாயும் வந்தது. உம்மா சோறு வச்சா. இப்ப அது போகுதில்ல.