ஃப்ரிசெல்லின் ‘கான், ஜஸ்ட் லைக் எ டிரெய்ன்’: ஜாஸா, கன்ட்ரியா?

தாளக்கட்டு:
கிடார் கலைஞர் பில் ஃப்ரிசெல்லோட இந்த ஆல்பத்தை (நான்சச் வெளியீடு, 1998) ஜாஸ் கிடார் ட்ரியோ, அதாவது மூணு பேர் குழு, வரிசையில சேர்க்கணும்னு ஒருத்தர் சொல்றார். நான் ஒத்துக்க மாட்டேன். ஜாஸ் ட்ரியோன்னா பேஸ் நடக்கணும் (‘வாக்கிங்’: அடிக்கு ஒரு சுரமா நகர்றது), டிரம்ஸோட ரைடு சிம்பல் தட்டுல ஸ்விங்ங்கற ஊஞ்சல் நடை ஓடணும். இங்கே விக்டர் கிரவுஸ் பேஸ்ல அடிச்சுரத்தைப் பிடிச்சு நிக்கிறார். டிரம்ஸ்ல ஜிம் கெல்ட்னர்: ஜான் லெனன், ஜார்ஜ் ஹாரிசன், பாப் டிலன்னு ராக்லயே ஊறின கை. கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டம்) பெரும்பாலும் மூணே சுரம். ரொம்ப அழகான கன்ட்ரி ராக், பாடகர் மட்டும் இல்லை.

ஆறுதந்தி:
ஸ்விங் குறைவுங்கறது சரிதான். அதை வச்சு மட்டும் முடிவு கட்டாதீங்க. இதுல வர்ற ‘லுக்அவுட் ஃபார் ஹோப்’ங்கற மெட்டு புதுசு இல்லை. ஈசிஎம் நிறுவனத்துல 1988ல வந்த அவரோட ஆல்பத்துக்குத் தலைப்பே அதுதான். அங்கே ஹாங்க் ராபர்ட்ஸ் செல்லோ, கெர்மிட் டிரிஸ்கால் பேஸ், ஜோயி பேரன் டிரம்ஸ். ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க. ஒரே மெட்டை ஆளுக்கு ஏத்த மாதிரி திரும்பப் பிரிச்சு அடுக்குறார். ஜாஸ் கிடார் கலைஞர் ஜிம் ஹால்கிட்ட படிச்சவர், டிரம்மர் பால் மோஷன், சாக்ஸஃபோன் கலைஞர் ஜோ லொவானோவோட பேஸே இல்லாத ட்ரியோவுல வருஷக்கணக்கா வாசிச்சவர். அந்தக் காது இங்கேயும் வேலை செய்யுது.

கார்டு மூணு சுரம்னு சொன்னீங்க. அதுக்கு மேல அவர் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களை ஒண்ணா ஒலிக்க விடுறதைக் கவனிங்க. கிடார்ல இப்படிப் பண்ணிப் பாருங்க (தந்தியை மெல்லிசுலேருந்து எண்ணணும்): நாலாவது தந்தி 5வது ஃப்ரெட்டுல ஜி (மோதிர விரல்), மூணாவது தந்தி 2வது ஃப்ரெட்டுல ஏ (ஆள்காட்டி), ரெண்டாவது தந்தியைத் திறந்து விட்டா பி. விரலை எடுக்காம மூணையும் மீட்டுங்க. அடுத்து மூணாவது தந்தி 5ல சி (சுண்டு விரல்), ரெண்டாவது தந்தி 3ல டி, முதல் தந்தி திறந்து ஈ. வெறும் ஸ்கேல் (சுர வரிசை) யாழ் மாதிரி பொழியும். விரல் நுனி நிமிர்ந்து நிக்கலைன்னா திறந்த தந்தி செத்துப்போகும். ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்குறது) ஏத்தினா ஏ, பி ரெண்டும் உரசிக் கலங்கிடும், அதோட அளவை, கெயினை, குறைங்க.

பழைய ரெக்கார்டு:
கன்ட்ரி பக்கத்தையும் கையால பாத்துடலாம். மூணாவது தந்தி 4வது ஃப்ரெட், முதல் ரெண்டு தந்தியும் 5வது ஃப்ரெட். அந்த ரெண்டையும் அசையாம பிடிச்சு மூணாவதை மட்டும் முழுச்சுரம் (ரெண்டு ஃப்ரெட் அளவு) வளைச்சா ஏ மேஜர் கார்டு பிறக்கும், கன்ட்ரில வர்ற பெடல் ஸ்டீல் கிடார் சாயல். ஜாஸ்காரங்க போடுற தடிமனான 12 கேஜ் தந்தி செட்டுல மூணாவது தந்தி, மேல கம்பி சுத்தினது. அது அவ்வளவு வளையாது. மெல்லிசான 10 செட், மூணாவது வெறும் கம்பி போடுங்க. மிதக்கும் ட்ரெமலோ (தந்தி கட்டின பிரிட்ஜே ஸ்பிரிங்ல அசையுற அமைப்பு) உள்ள கிடார்ல ஒண்ணை வளைச்சா மத்த ரெண்டும் சுருதி இறங்கிடும். டெலிகாஸ்டர் மாதிரி அசையாத பிரிட்ஜ்தான் இதுக்குச் சரி.

வால்யூம் பெடல்ல சுரத்தை மெதுவா எழும்ப விடணும்னா, பெடலை டிலேக்கு (எதிரொலி தர்ற கருவி) முன்னாடி வைங்க. பின்னாடி வச்சா காலைத் தூக்கினதும் எதிரொலியும் சேர்ந்து அறுந்துடும்.

தாளக்கட்டு:
கிடார் விஷயத்துல ஏத்துக்கிறேன். ஆனா ட்ரியோன்னா மூணு பேர் பேசணும். கெல்ட்னர் கட்டின தாளத்தை விட்டு நகர மாட்டேங்கிறார்.

ஆறுதந்தி:
அவர் நகராம நிக்கிறதாலதான் ஃப்ரிசெல் மெட்டுக்கு நடுவுல சுரத்தை விழுங்கிட்டு ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) சும்மா இருக்க முடியுது. இதே ஆல்பத்துல ‘ப்ளூஸ் ஃபார் லாஸ் ஏஞ்சலஸ்’ல கிடாரை விட்டுட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்க, அப்புறம் பேசலாம்.

தாளக்கட்டு:
கேட்கிறேன். வாக்கிங் பேஸ் இல்லாததை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.