தைலத் தோப்பைக் காட்டுக்கு விட்டால் பக்கத்து ராகி என்ன ஆகும்?

செம்மண் (கேள்வி கேட்பவரின் புனைபெயர்): பெங்களூரு பக்கத்தில் ஆனேக்கல் தாலுகாவில் எனக்கு மூன்று ஏக்கர். பாதியில் பழைய தைல மரம் (யூகலிப்டஸ்), ஓரமெல்லாம் உண்ணிச்செடி (லண்டானா). மீதியில் மானாவாரி ராகி. தைலத்தை வெட்டிவிட்டு அந்தப் பாதியை அப்படியே விட்டுவிடலாமா? பன்றி வந்து ராகியைக் கெடுக்குமா?

வேலியோரம் (பதில் சொல்பவர்): அப்படியே விட்டால் காடு வராது சார், உண்ணிச்செடிதான் வரும். தைலமும் சாகாது, அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். ஜேசிபி விட்டுத் தோண்டினால் மேல்மண் புரண்டுபோகும். தரையோடு அறுத்துவிட்டு, துளிர் முழங்கால் உயரம் வரும்போதெல்லாம் ஒடித்துக்கொண்டே இருங்கள். சில பருவம் பொறுமை வேண்டும்.

உண்ணிச்செடியை மேலே வெட்டவே கூடாது, இன்னும் அடர்த்தியாகக் கிளைக்கும். மண்ணுக்குள் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில், தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே ஆணிவேரை வெட்டிப் புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். காய்ப்பதற்கு முன்பே செய்யுங்கள். பறவைகள் பழம் தின்று எச்சமிடுவதால் மரத்தடிகளில் மறுபடி முளைக்கும். மழைக்குப் பிறகு கையால் பிடுங்கலாம். காலியான இடத்தில் உடனே கொழுக்கட்டைப்புல் விதை தூவாவிட்டால் பார்த்தீனியம் களை குடியேறிவிடும்.

ராகிக்கொல்லை (இன்னொருவர்): பன்றி பகலில் ஒளிய அடர்ந்த புதர் தேடும். அதனால் ராகியை ஒட்டி ஐந்தாறு மீட்டர் வெறும் புல்தான் இருக்கட்டும், புதரும் மரமும் உள்ளே தள்ளி. எல்லையில் 60 செ.மீ. ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்தால் மர வேர் பயிரின் ஈரத்தை இழுப்பது குறையும். வருடா வருடம் அதைத் தூர்வார வேண்டும், இல்லையென்றால் வேர் தாண்டிவிடும்.

சோலார் வேலி போட்டால் அடிக்கம்பி தரையிலிருந்து 20 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, பன்றி அடியில் நுழைந்துவிடும். புல் கம்பியில் பட்டால் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிப் பயனில்லாமல் போகும். வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக்குக் கொடுப்பது குற்றம், ஆளையே கொல்லும்.

வேலியோரம்: ஆமாம், ராகியை ஒட்டி அந்த வெறும் புல் இடைவெளி இல்லாமல் வேலி மட்டும் போட்டுப் பயனில்லை.

புங்கமரம் (மற்றொருவர்): மரம் மரமாக நெருக்கி நடவும் வேண்டாம். அந்தப் பக்கத்து மானாவாரி நிலத்துக்குப் புல்லும் இடையிடையே மரமும்தான் பொருந்தும். ஏக்கருக்கு 40 கன்று தாராளம்: புங்கை, வெட்பாலை, உசிலை, நாவல். புங்கந்தழை ராகிக்குத் தழையுரமாகும். தைல இலையைப் பயிருக்குப் போடாதீர்கள், முளைப்பைக் கெடுக்கும். புதிதாகத் தைலம் நடக் கர்நாடக அரசு 2017இல் தடை போட்டது, அந்த யோசனையும் வேண்டாம்.

டிசம்பருக்குப் பிறகு புல் காயும். சுற்றிலும் 3 மீட்டர் அகலத்துக்குச் செதுக்கித் தீத்தடுப்புப் பாதை வையுங்கள். கன்று தலைக்கு மேல் வளரும்வரை ஆடு உள்ளே வரக்கூடாது. அதன்பின் காய்ந்த புல்லை மாடு மேய்ந்தால் நல்லதே, தீப்பிடிக்கிற சரக்கு குறையும்.